ஐல் ஆஃப் மேன் பைக் ரேஸுக்குப் போகலாமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி (ஓசூர் வாசகர்): பைக் கம்பெனியில்தான் வேலை. மே கடைசியில் இங்கிலாந்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறேன். அப்படியே ஐல் ஆஃப் மேன் டி.டி. (டூரிஸ்ட் டிராபி) பைக் ரேஸையும் பார்த்துவிட வேண்டும் என்று நெடுநாள் ஆசை. தனி விசா வேண்டுமா? எப்படிப் போவது?

பதில்: பிரிட்டன் விசிட் விசா இருந்தால் போதும். இத்தனைக்கும் இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவே கடலில் இருக்கும் அந்தத் தீவு பிரிட்டனின் பகுதி கிடையாது, மன்னருக்குக் கீழ் இருக்கிறதே தவிர தனிப் பாராளுமன்றம், தனிச் சட்டம், தனி நோட்டு எல்லாம் உண்டு. (அந்த நோட்டைத் தீவிலேயே செலவழித்துவிடுங்கள், லண்டன் கடையில் நீட்டினால் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள்.) மான்செஸ்டர், லிவர்பூல், லண்டனிலிருந்து விமானம் இருக்கிறது. லிவர்பூலிலிருந்தும் ஹீஷம் துறைமுகத்திலிருந்தும் கப்பல் இருக்கிறது, மூன்று நான்கு மணி நேரப் பயணம். ஐரிஷ் கடல் கொஞ்சம் ஆட்டும், வயிறு ஒத்துக்கொள்ளாதவர்கள் மாத்திரை எடுத்துப் போகலாம்.

சிக்கல் போக்குவரத்தைவிட அறையில்தான். தீவில் மொத்தமே எண்பதாயிரத்துச் சொச்சம் பேர்தான் வசிக்கிறார்கள், ரேஸ் நடக்கும் இரண்டு வாரத்தில் பல்லாயிரம் பேர் வந்து இறங்கினால் ஹோட்டல் எப்படிப் போதும்? அதனால் ஊர்க்காரர்களே தங்கள் வீட்டு அறையை வாடகைக்கு விடுகிறார்கள், கால்பந்து மைதானங்களில் கூடாரம் போட இடம் தருகிறார்கள். விருந்தாளியாக இருந்து பார்ப்பதென்றால் வீட்டு அறைதான் என் சிபாரிசு. காலையில் டீ கொடுக்கும்போதே இன்று எந்த ரோடு எப்போது மூடும், எந்த வளைவில் வெயில் அடிக்கும் என்று சொல்லிவிடுவார்கள். பைக்கோடு கப்பலில் போகிறவர்கள் அடுத்த வருஷ டிக்கெட்டை இந்த வருஷமே போட்டுவிடுகிறார்கள். நீங்கள் கையை வீசிக்கொண்டு போகிறவர், கொஞ்சம் சுலபம்.

ஓசூர்க்காரர் என்பதால் இன்னொன்று. 1907இல் நடந்த முதல் டி.டி.யில் இரட்டை சிலிண்டர் பிரிவில் ஜெயித்தது நார்ட்டன் என்ற பிரிட்டிஷ் பைக். அந்த நார்ட்டனை 2020இல் டிவிஎஸ் வாங்கிவிட்டது. அங்கே யாராவது பெரியவர் நார்ட்டன் பெருமை பேசினால் நீங்களும் நெஞ்சை நிமிர்த்திக்கொள்ளலாம். அன்று அதில் இருந்த எஞ்சின் பிரெஞ்சுக் கம்பெனியான பெஜோவுடையது என்பதை அவரே சொல்லட்டும், நீங்கள் முந்த வேண்டாம்.

கேள்வி (மதுரை வாசகி): இங்கிலாந்தில் இல்லாத ரோடா? ஏன் அந்தக் குட்டித் தீவில் போய் ரேஸ் விடுகிறார்கள்?

பதில்: சட்டம்தான் காரணம். 1903இல் பிரிட்டனில் மோட்டார் வண்டிகளுக்கு உச்ச வேகம் மணிக்கு 20 மைல் என்று வைத்தார்கள், பொதுச் சாலையை மூடி ரேஸ் நடத்தவும் பாராளுமன்றம் இடம் கொடுக்கவில்லை. தீவின் பாராளுமன்றமான டின்வால்டோ 1904இல் தனிச் சட்டமே போட்டுச் சாலையை மூடிக் கொடுத்தது. முதலில் கார்கள் வந்தன, பின்னாலேயே பைக்குகள். இன்றைக்கும் அதே ஏற்பாடுதான். காலையில் பள்ளிக்கூட பஸ் போன ரோட்டில் சாயங்காலம் ரேஸ் பைக் மணிக்கு 300 கி.மீ.க்கு மேல் பறக்கும், முடிந்ததும் தடுப்பை எடுத்துவிட்டு பால் வண்டி போகும்.

கேள்வி (கோவை வாசகர்): எங்கள் ஊர் கரி ஸ்பீட்வேயில் ரேஸ் பார்த்து வளர்ந்தவன் நான். டி.டி. ரேஸில் எங்கே உட்கார்ந்தால் நன்றாகத் தெரியும்?

பதில்: முதலில் டிராக் ரேஸ் பார்த்த கண்ணைக் கழற்றி வைத்துவிட வேண்டும். இங்கே ஒரு சுற்றே 60.7 கி.மீ., வளைவுகள் இருநூறுக்கு மேல். கடலோர டக்ளஸ் நகரில் கிளம்பி, கிராமங்களுக்குள் வீட்டுச் சுவரை உரசுகிற மாதிரி புகுந்து, ராம்சி என்ற ஊரைத் தாண்டி, ஸ்னேஃபெல் மலையின் தோளில் ஏறி இறங்கித் திரும்பவும் டக்ளஸ் வர வேண்டும். எல்லோரையும் ஒன்றாக விடவும் மாட்டார்கள், பத்து விநாடிக்கு ஒருவர். கடிகாரத்தோடுதான் போட்டி. உங்கள் முன்னால் முதலில் போகிறவர் ஜெயித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்துக் கைதட்டினால், பின்னால் வருகிறவர் ஐந்து விநாடி முன்னிலையில் இருப்பார்! அதனால் காதில் தீவின் வானொலியான மேங்க்ஸ் ரேடியோவின் வர்ணனை இல்லாமல் உட்காரவே கூடாது. பீட்டர் ஹிக்மன் என்ற ரேஸர் 2023இல் ஒரு சுற்றை 16 நிமிடம் 36 விநாடியில் முடித்தார், சராசரி வேகமே மணிக்கு 136.358 மைல், நம் கணக்கில் 219 கி.மீ. ஊருக்குள் திரும்பி, பாலத்தில் தாவி, மலையேறி இறங்கியது எல்லாம் சேர்த்த சராசரி இது.

இடம் என்று கேட்டால், முதல் நாள் பிரே ஹில். கிளம்பின கையோடு குடியிருப்புகளுக்கு நடுவே செங்குத்தாக இறங்கும் தெரு. அங்கே வேகத்தைக் கண்ணால் பிடிக்க முடியாது, சத்தம் வந்து நெஞ்சில் இடிக்கும், திரும்பிப் பார்த்தால் பைக் இருக்காது. அடுத்த நாள் பலாஃப் பாலம், இரண்டு சக்கரமும் தரையை விட்டு எழும், போட்டோ எடுக்க அதைவிட நல்ல இடம் இல்லை. மலைக்குப் போக ஆசையென்றால் டக்ளஸிலிருந்து பழைய மின்சார ரயிலில் லாக்ஸி போய், அங்கே மலை ரயில் மாறி பங்களோ நிறுத்தத்தில் இறங்குங்கள். கிரெக்-நி-பா வளைவில் பப் இருக்கிறது என்பதால் கூட்டம் ஏன் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. என்னைக் கேட்டால் பிராடன் சர்ச் பக்கம். உட்கார இடம், கழிப்பறை, ஊர்ப் பெண்மணிகள் விற்கும் டீயும் கேக்கும், அந்தக் காசும் சர்ச்சுக்கே போகும்.

ரோட்டை மூடிய பிறகு அதில் கால் வைப்பதே குற்றம். எந்தப் பக்கம் மாட்டிக்கொண்டீர்களோ, திறக்கும்வரை அந்தப் பக்கம்தான். சாப்பாடு, தண்ணீர், மழைக் கோட்டு எல்லாவற்றோடும் போங்கள்.

கேள்வி (திருச்சி வாசகி): என் பையன் இதற்குப் போக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். அங்கே வருஷா வருஷம் ஆள் சாகிறார்களாமே? அதைப் போய்ப் பார்ப்பது பாவமில்லையா?

பதில்: அம்மா, உண்மையை மறைக்க மாட்டேன். 1911இலிருந்து அந்த மலைப் பாதையில் செத்துப்போனவர்கள் 250 பேருக்கு மேல். 2022இல் மட்டும் ஆறு பேர். வண்டி பாதை தப்பினால் ஓட, டிராக்கில் இருக்கிற மாதிரி மணல் பரப்பு கிடையாது, கல் சுவர், மரம், விளக்குக் கம்பம். 1972இல் கில்பெர்ட்டோ பார்லோட்டி என்ற ரேஸர் இங்கே இறந்த பிறகு, அன்றைய பெரிய சாம்பியன் அகோஸ்டினி இனி இங்கே ஓட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டார், வேறு சிலரும் அதே முடிவுக்கு வந்தார்கள், 1976க்குப் பிறகு உலக சாம்பியன்ஷிப்பிலிருந்தே இதை எடுத்துவிட்டார்கள். ஆனாலும் வருகிறார்கள். டன்லப் குடும்பத்தையே பாருங்கள். இங்கே 26 முறை ஜெயித்த ஜோயி 2000இல் எஸ்டோனியாவில் ஒரு ரேஸில் இறந்தார், தம்பி ராபர்ட் 2008இல், ராபர்ட்டின் மகன் வில்லியம் 2018இல், இருவரும் அயர்லாந்துச் சாலை ரேஸ்களில். வில்லியமின் தம்பி மைக்கேல் 2024இல் பெரியப்பாவின் 26ஐத் தாண்டிவிட்டார், இன்னும் ஓட்டுகிறார். யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை.

பாவமா என்றால், எனக்கு இதில் சங்கடம் உண்டு, இருந்தும் பார்க்கிறேன். விபத்துக்காகக் காத்திருக்கிற கூட்டம் இல்லை அது, ஒருவர் விழுந்தால் அன்று சாயங்காலம் ஊரே வாடிவிடும். பாதை நெடுக நின்று பாதுகாப்பைப் பார்த்துக்கொள்ளும் மார்ஷல்கள் அத்தனை பேரும் சம்பளமில்லாத் தொண்டர்கள், போதிய ஆள் வரவில்லையென்றால் ரேஸ் கிளம்பாது.

உங்கள் பையன் பார்க்கத்தானே போகிறான். தடை போர்டு வைத்த இடத்தில் உட்காராமல் இருந்தால் போதும். நீங்கள் பயப்பட வேண்டியது அடுத்த கேள்விக்கு.

கேள்வி (சென்னை வாசகர்): டி.டி. சமயத்தில் ரேஸ் இல்லாத நேரத்தில் யார் வேண்டுமானாலும் அதே ரோட்டில் ஓட்டலாமாம். ஊருக்கு வெளியே ஸ்பீட் லிமிட்டே கிடையாதாமே? வாடகை பைக் எடுத்து ஒரு முறுக்கு முறுக்கலாம் என்றிருக்கிறேன்.

பதில்: தம்பி, லிமிட் இல்லை என்பது பல இடங்களில் உண்மை, கண்மூடித்தனமாக ஓட்டினால் போலீஸ் பிடிக்கும் என்பதும் உண்மை. மலைப் பகுதியை அந்த நாட்களில் ஒருவழிப் பாதையாக்கிவிடுவதால் எதிரே வண்டி வராது. ஆனால் பின்னால் வருகிறவன் யார்? ஹிக்மன் ஒவ்வொரு வளைவையும் வருஷக்கணக்காக மனப்பாடம் செய்தவர். நீங்கள் ஓஎம்ஆரில் ஓட்டியவர். போங்கள், இடது ஓரமாக, கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு, மலை அழகை ரசித்தபடி போங்கள்.

கேள்வி (ஈரோடு வாசகி): பெண்கள் ஓட்டியதே இல்லையா?

பதில்: ஏன் இல்லை? 1954இலேயே இங்கெ ஸ்டோல் (Inge Stoll) என்ற பெண் சைட்காரில் பயணியாக வந்தார். சைட்கார் பயணி என்றால் சும்மா உட்காருவது இல்லை, வளைவுக்கு வளைவு உடம்பைத் தரையோடு சாய்த்து வண்டியைப் பிடித்து நிறுத்துகிற வேலை. 1962இல் பெரில் ஸ்வெய்ன் 50சிசி பைக்கில் தனியாக ஓட்டினார். உடனே பெண்களுக்கு ஆபத்து என்று லைசென்ஸைப் பிடுங்கிக்கொண்டார்கள். ஆண்கள் சாகலாம், அதில் ஆட்சேபணை இல்லை!

கேள்வி (நெல்லை வாசகர்): மழை பெய்தால்?

பதில்: காத்திருக்க வேண்டும். மழையைவிட மலை மூடுபனி மோசம், மீட்பு ஹெலிகாப்டர் பறக்க முடியாவிட்டால் ரேஸ் இல்லை. ஆகவே ஒரே நாளுக்கு டிக்கெட் போட்டுப் போகாதீர்கள்.

கேள்வி (லண்டன் ஹாரோ வாசகர்): எனக்கு ஜூனில் லீவு கிடையாது, கூட்டமும் ஆகாது. வேறு வழி உண்டா? சைவச் சாப்பாடு கிடைக்குமா?

பதில்: ஆகஸ்ட் கடைசியில் அதே பாதையில் மேங்க்ஸ் கிராண்ட் பிரி நடக்கும், பழைய கிளாசிக் பைக்குகளும் ஓடும். கூட்டம் குறைவு, அறை கிடைக்கும், பைக்குகளைக் கிட்டத்தில் நின்று பார்க்கலாம், முதல் தடவை போகிறவர்களுக்கு அதுவே மேல் என்பேன். சாப்பாட்டுக்குச் சிப்ஸ் (நம் பாக்கெட் சிப்ஸ் இல்லை, பிரெஞ்ச் ஃபிரைஸ் மாதிரி), சீஸ், கிரேவி மூன்றையும் ஒன்றாகக் கொட்டித் தருவார்கள், குளிருக்கு அருமை. கிரேவியில் இறைச்சி இருக்கலாம், கேட்டு வாங்குங்கள்.