மனச்சோர்வுக்கு சொக்சோவில் பணம் கிடைக்குமா?

மலேசியாவின் ஜார்ஜ்டவுனில் ஒரு சாப்பாட்டுக் கடையில், ஊரிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்து சமையல் வேலை பார்க்கும் தம்பி கேட்டிருக்கிறார்: டாக்டர் டிப்ரெஷன் என்று சொல்லிவிட்டார், அடுப்படியில் நிற்க முடியவில்லை, தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவில் ஊனமுற்றோர் உதவிப்பணம் கேட்கலாமா, இல்லை வேலையை விட்டுவிட்டு கோலாலம்பூர் போய்விடலாமா?

கோலாலம்பூர் பேச்சை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் ஒன்று, ராஜினாமா கடிதம் கொடுக்காதீர்கள். வேலை போனால் பெர்மிட் போகும், சொக்சோவுக்குக் கட்டும் சந்தாவும் அன்றோடு நிற்கும். வேலைச் சட்டப்படி சேர்ந்து இரண்டு வருடம் ஆகாதவருக்கும் வருடத்துக்கு 14 நாள் சம்பளத்தோடு எம்.சி., அதாவது மருத்துவ விடுப்பு, உண்டு. ஆஸ்பத்திரியில் படுத்தால் அதற்கு 60 நாள் தனி. அதை எடுங்கள்.

ஊனமுற்றோருக்கான ஓ.கே.யூ. அட்டை, அதை வைத்துத் தரும் மாதப் பணம் எல்லாம் மலேசியக் குடிமக்களுக்கு. மனநலப் பிரிவில் பதிய அவர்களுக்கே குறைந்தது இரண்டு வருட சிகிச்சை ஆகியிருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்த நமக்கு இருக்கும் ஒரே வழி, நோயால் சம்பாதிக்க முடியாமல் போனவருக்கு ஓய்வூதியம் தரும் சொக்சோவின் இயலாமைத் திட்டம். 2018 வரை நம்மவர்களுக்கு 1952ஆம் வருடத்து நஷ்டஈட்டுச் சட்டம் மட்டும்தான். விபத்து என்றால் பணம், மனம் உடைந்தால் ஊருக்கு டிக்கெட். நாங்கள் வந்த காலத்தில் அப்படிப் போனவர்கள் கணக்கில் இல்லை. 2024 ஜூலை 1 முதல்தான் வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் இயலாமைத் திட்டம் வந்தது. வீட்டு வேலைக்காரர்களுக்கு அதுவும் இல்லை.

சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். உங்களிடம் 0.5 சதவீதம் பிடித்திருக்க வேண்டும், முதலாளி தன் பங்குக்கு இன்னொரு 0.5 கட்ட வேண்டும். பிடித்துவிட்டுக் கட்டாத முதலாளிகள் உண்டு, அதில் நம் ஆட்களும் உண்டு என்பதுதான் எனக்கு ஆறாத கோபம். சொக்சோ கிளைக்கு பாஸ்போர்ட்டோடு போய் எத்தனை மாதம் கட்டியிருக்கிறது என்று கேளுங்கள். பாஸ்போர்ட் முதலாளியிடம் என்றால், அப்படிப் பிடித்து வைப்பதே குற்றம். முழு ஓய்வூதியத்துக்கு, மனு கொடுப்பதற்கு முந்தைய 40 மாதத்தில் 24 மாதச் சந்தா வேண்டும். ஓய்வூதியத் தகுதி இல்லாமல் 12 மாதமாவது கட்டியிருந்தால் ஒரே தொகையாக ஒரு கொடை. வயது 60க்குள் இருக்க வேண்டும்.

நிறைய மனுக்கள் அடிபடுவது இதற்கு அடுத்த கட்டத்தில். டிப்ரெஷன் என்ற பெயருக்குப் பணம் இல்லை. நோய் தீராதது அல்லது தீர வாய்ப்பில்லாதது, அதனால் வழக்கமான சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குகூட சம்பாதிக்க முடியாது என்று சொக்சோவின் டாக்டர் குழு ஒத்துக்கொள்ள வேண்டும். ஆறு மாதம் ஒரே மாத்திரை சாப்பிட்ட ஆளைப் பார்த்தால், இன்னும் சிகிச்சை பாக்கி இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். மனநல நிபுணரின் அறிக்கையில் எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம், எத்தனை மாதம், மாற்றியும் ஏன் பலிக்கவில்லை, எத்தனை முறை அட்மிட் என்று இருக்க வேண்டும். "சோர்வாக இருக்கிறார்" என்ற வரி உதவாது. "ஒரு ஆர்டரை மனதில் வைக்க முடியவில்லை, இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்பதில்லை, தானாகக் குளிப்பதில்லை" என்ற மாதிரி, உங்களுக்கு உண்மையாக முடியாததை எழுதச் சொல்லுங்கள்.

நம் ஆட்கள் வெட்கப்பட்டு கிளினிக்கில் காய்ச்சல், வயிற்றுவலி என்று எம்.சி. எழுதி வாங்குகிறார்கள். பிறகு மனநோய் என்று மனு போட்டால் ஒரு வருட ஃபைலில் வயிற்றுவலிதான் இருக்கும். பெர்மிட்டுக்காக வெளிநாட்டுத் தொழிலாளிக்குச் செய்யும் ஃபோமெமா மருத்துவப் பரிசோதனையில் மனநோயும் பார்க்கிறார்கள் என்பதால் அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் பயந்து மாத்திரையை நிறுத்திவிட்டு சோதனைக்கு நிற்பதுதான் பெரிய ஆபத்து. பெர்மிட் சிக்கல் வரும்போலிருந்தால், சிகிச்சையில் நிலையாக இருக்கிறார் என்று உங்கள் டாக்டரிடம் கடிதம் கேளுங்கள்.

பினாங்கு அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. உள்ளூர்க்காரரின் 5 ரிங்கிட் கட்டணம் நமக்கு இல்லை, அதனால் ரசீதையும் சேர்த்து வையுங்கள். உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றினால் 15555 என்ற மனநல உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள். போலீஸ் வரும் என்ற பயம் வேண்டாம், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய 309ஆம் பிரிவை 2023இல் எடுத்துவிட்டார்கள். "கோயிலுக்குப் போ, சரியாகிவிடும்" என்று சொல்பவர்கள் சொல்லட்டும். கோயிலுக்கும் போங்கள், மாத்திரையையும் போடுங்கள்.

டாக்டர் குழு மறுத்தால் 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். காசு வாங்கிக்கொண்டு முடித்துத் தருகிறேன் என்று வரும் ஏஜண்டுக்கு ஒரு ரிங்கிட்கூடக் கொடுக்காதீர்கள், மனுவுக்குக் கட்டணமே இல்லை. ஒருவேளை ஊருக்கே திரும்ப நேர்ந்து டிக்கெட்டுக்கு வழி இல்லை என்றால் இந்தியத் தூதரகத்தில் ஐ.சி.டபிள்யூ.எஃப். என்ற இந்தியச் சமூக நல நிதியைக் கேளுங்கள். ஏறுவதற்கு முன் அறிக்கை, மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவின் 2016 ஊனமுற்றோர் உரிமைச் சட்டப்படி ஊரிலும் மனநோய்க்கு ஊனச் சான்றிதழ் உண்டு, 40 சதவீதம் தேவை. அதை அளக்கும்போது நோய் எத்தனை காலமாக இருக்கிறது என்பதற்கும் மதிப்பெண் இருக்கிறது, அதற்கு இங்கே வாங்கிய காகிதங்கள்தான் சாட்சி.