தீபாவளிக்கு ஊருக்குப் போன டெய்லர்கள் ஏன் திரும்புவதில்லை?

கேள்வி: எங்கள் பனியன் கம்பெனியில் 140 பேர், நாலு லைன் (தையல் மெஷின் வரிசை). தீபாவளி போனஸ் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனவர்களில் 38 பேர் திரும்பவில்லை. ஷிப்டுக்குக் கூலி கூட்டியும் புது ஆள் நிற்பதில்லை. என்ன செய்யலாம்?
- ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: கூலியை இன்னொரு முறை கூட்டுமுன் வருகைப் பதிவேட்டை எடுத்து உட்காருங்கள். கடந்த 12 மாதத்தில் நின்றுபோன ஒவ்வொருவருக்கும் சேர்ந்த தேதி, நின்ற தேதி, லைன், சூப்பர்வைசர் ஆகிய நாலையும் ஒரே தாளில் எழுதுங்கள். நாலு லைனிலும் ஒன்பது, பத்து என்று பரவியிருந்தால் கூலி, கம்பெனி பஸ், தங்குமிடம் போன்ற பொதுக் குறையைத் தேடலாம். ஒரே லைனில் மட்டும் 20 பேர் போயிருந்தால், அந்த லைனை நடத்தும் விதத்தில்தான் கோளாறு. கூலி எவ்வளவு கூட்டினாலும் அது தீராது.

எத்தனை நாள் இருந்துவிட்டுப் போனார்கள் என்பதும் முக்கியம். 30 நாளுக்குள் போனவர்கள் பெரும்பாலும் முதல் வாரத்திலேயே மனம் விட்டவர்கள். வந்த அன்றே கழுத்து ரிப் (கழுத்துப் பட்டி) வைக்கச் சொல்லி, பழைய ஆளின் டார்கெட்டையே கொடுத்து, ஆல்டர் (திருத்தித் தைக்க வேண்டிய பீஸ்) வந்ததும் எல்லார் முன்னாலும் பீஸைத் தூக்கிக் காட்டினால் யார்தான் நிற்பார்கள்? முதல் 3 நாள் நேர் தையல் மட்டும் கொடுங்கள். பக்கத்தில் ஒரு பழைய டெய்லரை உட்காரவைத்து, சொல்லிக்கொடுக்கும் நேரத்துக்கு அவருக்கும் கூலி போடுங்கள்.

ஒரு வருடத்துக்கு மேல் இருந்தவர்கள் போகும் காரணம் வேறு. சனிக்கிழமைக் கூலிக் கணக்கும், வழக்கமான ஷிப்டைத் தாண்டி நீளும், கடைசி நேரத்தில் சொல்லப்படும் ஒன்றரை ஷிப்டும்தான் அங்கே முதலில் பார்க்க வேண்டியவை. பீஸ் ரேட்டை, அதாவது ஒரு பீஸுக்கான கூலியை, வேலை முடிந்தபின் சொல்வது நம்பிக்கையை அடியோடு கெடுக்கும். புது ஸ்டைல் (உடை மாடல்) லைனில் ஏறுமுன் ரேட்டை போர்டில் எழுதுங்கள். அன்றன்று தைத்த பீஸ் எண்ணிக்கையை ஒரு சீட்டில் எழுதி டெய்லர் கையில் கொடுங்கள். எண்ணிக்கையில் தகராறு இருந்தால் வெள்ளி மாலைக்குள் தீர்த்துவிடுங்கள். ஒன்றரை ஷிப்ட் வேண்டும் என்றால் முந்தின நாளே சொல்ல வேண்டும். மாலை 5 மணிக்குச் சொன்னால், பள்ளிவிட்டு வரும் குழந்தைக்கு அந்தத் தாய் என்ன ஏற்பாடு செய்வார்? கூடுதல் நேரத்துக்குச் சட்டப்படி இரு மடங்கு கூலி என்பதையும் மறக்க வேண்டாம்.

போனவர்களிடம் போனில் பேசுங்கள். சூப்பர்வைசர் பேசக் கூடாது. "ஏன் நின்றீர்கள்?" என்று கேட்டால் "வீட்டில் சௌகரியமில்லை" என்றுதான் பதில் வரும். "கடைசி வாரம் லைனில் என்ன நடந்தது?" என்று கேளுங்கள். ஒடிசா, பீகார் ஆட்களிடம் இந்தி தெரிந்தவர் பேசட்டும். அவர்கள் ஒரே ஊரிலிருந்து கூட்டாக வருகிறவர்கள். ஒருவரை அவமானப்படுத்தினால் ஆறு பேர் சேர்ந்து போவார்கள்.

கேள்வி: ஒரு சூப்பர்வைசர் எப்போதும் கத்துகிறார். ஆனால் புரொடக்ஷன் அவர் லைனில்தான் அதிகம். அவரை மாற்றினால் ஷிப்மென்ட் தவறுமோ என்று பயம்.
- ஒரு வாசகி, அவிநாசி

பதில்: அவர் காட்டும் எண்ணிக்கையிலிருந்து ஆல்டரைக் கழித்துப் பாருங்கள். ஆள் போவதன் நஷ்டத்தையும் கழியுங்கள். மணிக்கு 80 பீஸ் ஓடும் லைனில், தோள் ஜாயின்ட்டில் உட்காரும் புது ஆள் 50தான் தருகிறார் என்று வையுங்கள். அவருக்குப் பின்னால் இருக்கும் எல்லாருக்கும் 50தான் வரும். 8 மணி நேரத்துக்கு 240 பீஸ் குறைவு. அவர் கை பழக 20 நாள் ஆனால் 4,800 பீஸ். இது ஒரே ஒரு ஆள் போனதற்கான கணக்கு.

அடுத்து, அந்த சூப்பர்வைசர் ஏன் கத்துகிறார் என்று பாருங்கள். லைன் நின்ற ஒவ்வொரு முறையும் காரணத்தை, மணிக்கு எத்தனை பீஸ் என்று எழுதும் போர்டிலேயே எழுதச் சொல்லுங்கள். லேபிள் வரவில்லை, நூல் நிறம் மாறிவிட்டது, பாதியில் ஸ்டைலை மாற்றினார்கள் என்றே வந்தால், மேலே இருப்பவர்களின் குளறுபடியால் குறைந்த டார்கெட்டை ஈடுகட்டத்தான் அவர் கத்திக்கொண்டிருக்கிறார். முதலில் ஸ்டோரையும் மேனேஜரையும் சரிசெய்யுங்கள்.

நன்றாகத் தைக்கிறவரையே சூப்பர்வைசராக்குவது இங்கே வழக்கம். தைப்பதும் ஆளை நடத்துவதும் வேறு வேறு வேலை. உங்கள் சூப்பர்வைசர் மாறுவதற்கு 4 வாரம் கொடுங்கள். தவறை மெஷின் பக்கத்தில் போய்த் தாழ்ந்த குரலில் சொல்ல வேண்டும், "வாடி, போடி" கூடாது என்று எழுத்தில் கொடுங்கள். அந்த வாரங்களில் ஆல்டரையும் லீவையும் எண்ணிவாருங்கள். மாற்றம் இல்லையென்றால் மாதிரி உடைகள் தைக்கும் சாம்பிள் பிரிவுக்கு அவரை அனுப்பலாம், அங்கே அவர் கைத்திறன் பயன்படும்.

பெண்களிடம் ஆபாசமாகப் பேசுகிறார் என்றால் இந்த 4 வாரம் பொருந்தாது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி உள் புகார்க் குழு இருந்தே ஆக வேண்டும். புகார் உடனே அங்கே போகட்டும்.

கேள்வி: சூப்பர்வைசர் தொல்லையால் நின்றுவிட்டேன். ஒரு வாரக் கூலியைத் தர மறுக்கிறார்கள்.
- ஒரு வாசகி, பல்லடம்

பதில்: செய்த வேலைக்கான கூலியை நிறுத்திவைக்க அவர்களுக்கு உரிமை கிடையாது. வேலை செய்த தேதிகளையும் பீஸ் எண்ணிக்கையையும் எழுதி ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, நகலும் ரசீதும் வைத்துக்கொள்ளுங்கள். பதில் இல்லையென்றால் அந்த நகலோடு தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுங்கள். உங்கள் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பணம், அதற்கென உங்களுக்குத் தரப்பட்ட யு.ஏ.என். எண்ணில் அப்படியே இருக்கும். அடுத்த கம்பெனியில் புது எண் வாங்காமல் அதே எண்ணைக் கொடுங்கள். தொடர்ந்து 5 வருடம் வேலை செய்திருந்தால், நீங்களாக நின்றிருந்தாலும் பணிக்கொடை (கிராஜுவிட்டி) உண்டு. அதையும் அந்தக் கடிதத்திலேயே கேளுங்கள்.