அப்பா பார்க்கும் கழுகுக் கூடு

வணக்கம் சார்,

என் அப்பாவுக்கு 74 வயது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு வெளியே போவது குறைந்துவிட்டது. 2025 ஜனவரியில் விளையாட்டாக டிவியில் கலிபோர்னியா பிக் பேர் ஏரிக் கழுகுக் கூட்டின் நேரலையைப் போட்டுக் கொடுத்தேன். அதோடு டிவி எங்கள் கையை விட்டுப் போனது. மார்ச்சில் மூன்று குஞ்சு பொரித்தபோது பெரியவன், நடுவிலவன், சின்னவன் என்று பேர் வைத்தார். பனிப்புயல் வந்த அன்று பகல் முழுக்க (அங்கே ராத்திரி) அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் அங்கே விடிந்து, இரை ஊட்டும்போது இரண்டு தலைதான் தெரிந்தது. அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. "கேமரா வைக்கத் தெரிந்தவனுக்கு ஒரு ஆளை ஏற்றிவிடத் தெரியாதா?" என்று இன்றுவரை கேட்கிறார். என்னிடம் பதில் இல்லை. எனக்கு வேறு ஒரு சங்கடமும் உண்டு. அடுத்தவர் வீட்டு ஜன்னலை எட்டிப் பார்ப்பது போல இல்லையா இது? இந்த வயதில் இப்படி ஒன்றில் மனதை விட்டு வருத்தப்பட வேண்டுமா? நிறுத்தச் சொல்லலாமா?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

அப்பாவின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் கேள்வியை விட அதுதான் பெரியது, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அந்தக் கூடு ஒரு ஜெஃப்ரி பைன் மரத்தில் கிட்டத்தட்ட 145 அடி உயரத்தில் இருக்கிறது. நம்மூர்க் கணக்கில் பதினான்கு மாடி. மார்ச் 13 ராத்திரி, அந்தப் புயலில், ஒருவன் அதில் ஏறுகிறான் என்றே வைத்துக்கொள்வோம். ஆளைக் கண்டதும் தாய்க் கழுகு ஜாக்கி எழுந்து பறந்துவிடுவாள். அவள் வயிற்றுக்கடியில் இருந்தவற்றில் மூத்ததற்குப் பத்து நாள், கடைசிக்கு ஐந்து நாள், தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாத வயது. ஒன்றைக் காப்பாற்றப் போய் மூன்றையும் பனியில் போட்டுவிட்டு இறங்கி வர வேண்டியதுதான். சட்டமும் விடாது, வெண்தலைக் கழுகின் கூட்டைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று 1940லிருந்தே அங்கே தனிச்சட்டம் உண்டு. ஆனால் சட்டமே இல்லாவிட்டாலும் நான் ஏற வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

அப்படியானால் மனிதர்கள் சும்மா வேடிக்கை பார்க்க வேண்டுமா என்றால், இல்லை. மனிதன் செய்த கோளாறென்றால் மனிதன் ஏறத்தான் வேண்டும். காலில் தூண்டில் நரம்பு சுற்றிக்கொண்ட குஞ்சை, அனுமதி வாங்கி, மரமேறி எடுத்து அறுத்துவிட்ட கூடுகள் அமெரிக்காவிலேயே உண்டு. புயல் அந்தக் கணக்கில் வராது.

இன்னொன்று. நாம் செய்ய வேண்டியது பெரும்பாலும் கேமராவில் தெரிகிற இடத்தில் இருப்பதில்லை. 1963இல் அலாஸ்காவை விட்டுவிட்டுப் பார்த்தால் அமெரிக்காவில் கூடு கட்டிய வெண்தலைக் கழுகு ஜோடிகள் 417தான். கொசுவுக்கும் பயிருக்கும் அடித்த டிடிடி மழைநீரோடு ஏரிக்குப் போய், மீனுக்குள் போய், மீனைத் தின்ற கழுகுக்குள் சேர்ந்து, முட்டை ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்தைச் சேரவிடாமல் செய்தது. தாய் அடைகாக்க உட்கார்ந்தால் அவள் பாரத்திலேயே முட்டை நொறுங்கும். ஜாக்கி முட்டைப் பக்கம் நடக்கும்போது அப்பா கவனித்திருப்பார், நகம் பட்டுவிடக் கூடாது என்று கால்விரல்களை உள்ளே மடக்கி, முஷ்டியை ஊன்றி நடப்பது போல நடப்பாள். அத்தனை பதனமாக நடந்த ஆயிரக்கணக்கான தாய்களின் முட்டைகள்தான் உடைந்துபோயின. எவன் மரமேறியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. 1972இல் அந்த மருந்தைத் தடை செய்தார்கள். 2019இல் எடுத்த கணக்கில் 71,400 ஜோடி.

நான் முதன்முதலில் இந்த மாதிரி நேரலை பார்த்தது 2011இல், அயோவா மாநிலத்தின் டெகோராவில் இருந்த கூடு. அன்றைக்கு இருந்த இணைய வேகத்தில் கழுகு தலையைத் திருப்பினால் பாதியில் நின்று, நான் காபி போட்டுவிட்டு வந்த பிறகு மீதியைத் திருப்பும். மூன்று குஞ்சும் நல்லபடியாகப் பறந்தன. அடுத்த வருடமும் மூன்று, அவையும் பறந்தன. கேமராவை மட்டும் பார்த்தவர்கள் சுபம் என்று போயிருப்பார்கள். ஆனால் அந்த 2012 குஞ்சுகளில் இரண்டு அதே ஆண்டில் மின்கம்பத்தில் மின்சாரம் தாக்கிச் செத்தன. இறக்கை விரித்தால் ஆறு ஏழு அடி, ஒரே நேரத்தில் இரண்டு கம்பியைத் தொட்டுவிடும், கம்பிகளுக்கு உறை போட்டாலோ இடைவெளியைக் கூட்டினாலோ தீரக்கூடிய விஷயம். அப்பாவின் கோபம் இந்த மாதிரி இடத்துக்குப் போக வேண்டிய கோபம். பிக் பேரில் கேமரா நடத்துகிற அமைப்பு, கழுகுகள் இரை தேடுகிற ஏரிக்கரையில் வீட்டுமனைத் திட்டம் வரக் கூடாது என்று வருடக்கணக்காகக் கோர்ட்டுக்கு நடந்த அமைப்பு என்பதையும் சொல்லுங்கள். ஆளை ஏற்றாதவர்கள் சும்மா இருந்தவர்கள் அல்ல.

சரி, எட்டிப் பார்ப்பது. எனக்கும் அந்தக் கூச்சம் இருந்தது. ராத்திரியில் அகச்சிவப்பு விளக்கு எரிகிறது, கழுகுக் கண்ணுக்கு அது தெரியாது, அதனால் தூக்கம் கெடுவதில்லை. அந்த இடத்தில் கேமரா 2015லிருந்தே இருக்கிறது, அதன் கீழேதான் ஜாக்கி வருடா வருடம் குடித்தனம் நடத்துகிறாள். கழுகுக்கு மானக்கேடு ஒன்றுமில்லை. மானக்கேடு நம் பக்கம் வரலாம். பத்து மணி நேரத்தை இரண்டு நிமிடமாக வெட்டி, சோகப் பாட்டுப் போட்டு, "தாயின் கண்ணீர்" என்று தலைப்பு வைத்துச் சுற்றுகிறதே, அது எட்டிப் பார்ப்பதுதான். உங்கள் அப்பா செய்வது அதுவல்ல. அவர் முழு நேரலையைப் பார்க்கிறார், அதாவது பெரும்பாலும் ஒன்றுமே நடக்காததைப் பார்க்கிறார்.

அந்த ஒன்றுமே நடக்காததில்தான் விஷயம் இருக்கிறது. ஜாக்கியின் ஜோடியான ஷேடோ ஒரு சுள்ளியைக் கொண்டுவந்து ஓர் இடத்தில் வைப்பான். ஜாக்கி அதைக் கவ்வி வேறு இடத்தில் வைப்பாள். அவன் திரும்ப எடுத்து முதல் இடத்துக்கே கொண்டு போவான், சில சமயம் தடுப்புக்கட்டை போல அவள் முதுகின் மேலேயே சார்த்திவிடுவான். நாற்பது வருடம் குடும்பம் நடத்தியவர்கள் யாரும் இதைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்க முடியாது. முட்டையில் உட்கார்ந்துவிட்டால் அவனை எழுப்புவது லேசில் நடக்காது, முறை முடிந்து அவள் வந்து பக்கத்தில் நின்று, இடித்து, மேலே ஏறாத குறையாக நெருக்கினால்தான் நகர்வான். இதெல்லாம் வெட்டிய காணொளியில் வந்தால் வெறும் வேடிக்கை. அரை மணி நேரம் காத்திருந்து பார்த்தவனுக்குத்தான் அவன் ஏன் எழ மனமில்லாமல் இருக்கிறான் என்று யோசிக்கத் தோன்றும். (சொல்ல மறந்தேன், அந்தக் கீச்சுக் குரலைக் கேட்டு அப்பா ஏமாந்திருப்பார். சினிமாவில் கழுகுக்குப் போடுகிற கம்பீரமான கூவல் பெரும்பாலும் செவ்வால் பருந்தின் குரல். நிஜக் கழுகு ஏதோ கதவுக்கீல் மாதிரிதான் சத்தம் போடும்.)

2024 பிப்ரவரியில் ஜாக்கி கொட்டுகிற பனியில் கிட்டத்தட்ட 62 மணி நேரம் முட்டையை விட்டு எழவில்லை. முதுகில் பனி குவிந்து, கழுத்து மட்டும் வெளியே. அந்த மூன்று முட்டையும் பொரியவே இல்லை. பொரிக்கிற காலம் தாண்டியும் வாரக்கணக்கில் இருவரும் மாறி மாறி உட்கார்ந்தார்கள். அதற்கு முந்தின வருடம் முட்டைகளை அண்டங்காக்கை குத்தியது. இதைத் தெரிந்துகொண்டு 2025ஐப் பார்த்தால், மூன்றில் இரண்டு பிழைத்து ஜூனில் பறந்தது என்பது வேறு மாதிரி தெரியும். குஞ்சு போனதற்காக அப்பா சாப்பிடாமல் இருந்ததை நான் தப்பாக நினைக்கவில்லை. பேர் வைத்தவர் அவர், ஒரு வேளைச் சோறு அதற்கான மரியாதை. மறுநாள் காலை திரும்ப டிவியைப் போட்டாரா இல்லையா? போட்டிருப்பார். அப்புறம் எதற்கு நிறுத்தச் சொல்ல வேண்டும்?

திரையின் ஓரத்தில் ஓடுகிற அரட்டையை மட்டும் மூடிவிடுங்கள். உலகம் முழுக்க ஆள் கூடி அழுகிற இடம் அது. துக்கத்தைப் பெருக்கும்.

பிக் பேரில் இனி முட்டை ஜனவரி வாக்கில்தான். நடுவில் அப்பாவுக்கு ஆஸ்திரேலியாவைப் போட்டுக் கொடுங்கள். சிட்னி ஒலிம்பிக் பூங்காவில் வெண்வயிற்றுக் கடல் கழுகின் கூட்டுக்குக் கேமரா உண்டு. அங்கே குளிர்காலத்தில், அதாவது நமக்கு ஜூன் வாக்கில், முட்டையிடும். ராமேஸ்வரம் பக்கம் போயிருந்தால் இதே பறவையை அவர் தலைக்கு மேலே பார்த்திருக்கவும் கூடும், சாம்பல் முதுகு, வெள்ளை வயிறு, ஆப்பு மாதிரி குட்டை வால். நேரமும் தோது. இங்கே காலை டிபன் சாப்பிடும்போது அங்கே உச்சி வெயில் நேரம், படம் கலரில் இருக்கும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அங்கே பெரும்பாலும் இரண்டு முட்டை, இரண்டாவது குஞ்சு பல வருடங்களில் தேறுவதில்லை. தேறிப் பறந்ததையும் அந்த ஊர்க் காக்கை மாதிரியான குரவாங் பறவைகள் கூட்டமாக விரட்டும். தலைமையாசிரியராக இருந்தவர், முன்கூட்டிச் சொன்னால் தாங்கிக்கொள்வார். பேர் வைப்பதை அவரிடமே விட்டுவிடுங்கள்.