சித்தியை எடுத்தது சரி, மன்னிப்பு வேண்டாம்

கேள்வி: சாயங்காலம் எங்கள் மொட்டை மாடியில் பத்துப் பதினைந்து பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறேன். அந்தப் பிள்ளைகளில் ஒரு பெண்ணை வளர்ப்பது அவள் சித்தி. அதனால் ஸ்நோ ஒயிட் கதையில் மாற்றாந்தாயை வெறும் ‘அரசி’ ஆக்கிவிட்டேன், கடைசியில் அவள் மன்னிப்புக் கேட்பதாகவும் மாற்றினேன். ‘மூலக்கதையில் கை வைக்கலாமா?’ என்று ஒரு பையனின் அப்பா கோபப்படுகிறார். நான் செய்தது தப்பா?
ஒரு வாசகி, காசிமேடு

பதில்: சித்தியை எடுத்தது தப்பே இல்லைங்க. ஜெர்மனியில் நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்கள் 1812-ல் இந்தக் கதையை முதலில் அச்சிட்டபோது அந்தப் பொல்லாத அரசி, ஸ்நோ ஒயிட்டைப் பெற்ற அம்மாவேதான். 1819-ல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் பெற்றவளைச் சாகடித்துவிட்டு மாற்றாந்தாயைக் கொண்டுவந்தார்கள், அப்புறம் 1857-ல் ஏழாம் பதிப்பு வரை கதைகளைத் திருத்திக்கொண்டேதான் இருந்தார்கள். எழுதி வைத்தவர்களே மாற்றிய கதை என்று அந்த அப்பாவிடம் சொல்லுங்கள். நம் பேச்சில் அம்மாவின் தங்கையும் சித்தி, அப்பா இரண்டாவதாகக் கட்டியவரும் சித்தி. ராத்திரி தனக்குச் சோறு போடுகிறவரைப் பற்றி ஒரு குழந்தை மற்ற பிள்ளைகள் நடுவில் உட்கார்ந்து ஏன் அப்படிக் கேட்க வேண்டும்?

ஆனால் அந்த மன்னிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. கிரிம் கதையில், பழுக்கக் காய்ச்சிய இரும்புச் செருப்பைப் போட்டு அரசி ஆடியே சாகிறாள். சின்னப் பிள்ளைகளுக்கு அந்தச் செருப்பு வேண்டாம், சரி. அவள் தோற்க வேண்டும், அதை விடாதீர்கள். கடலுக்குப் போன அப்பா சொன்ன நாளில் திரும்பாவிட்டால் வீடு எப்படி இருக்கும் என்று உங்கள் மாடிப் பிள்ளைகளுக்குத் தெரியும், பயம் அவர்களுக்குப் புதிதில்லை. விஷ ஆப்பிளைக் கொடுத்தவள் ஒரு ‘ஸாரி’யோடு போய்விட்டால், இத்தனை நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்ட பிள்ளையை நாம் ஏமாற்றுகிறோம்.

மாற்றியே ஆக வேண்டுமென்றால் குள்ளர்களைத் தொடுங்கள். சுரங்கத்துக்குப் பதில் ஏழு பேரும் விசைப்படகில் போய்வரட்டும். திரும்பி வந்ததும் ‘என் தட்டில் சாப்பிட்டது யாரு? என் டம்ளரில் குடிச்சது யாரு?’ என்று ஒவ்வொருவராகக் கேட்கும் இடம் மூலத்திலேயே இருக்கிறது, அதை ஏழு பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்து சத்தமாகக் கேட்கச் சொல்லுங்கள். அந்தப் பெண்ணுக்கும் ஒரு தட்டு கொடுங்கள்.