முள் எடுத்துக் கொடுத்தது போதும்

கேள்வி: அக்கா, என் வீட்டுக்காரருக்கு 52 வயது. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். பத்து வருஷத்துக்கு மேலாக இனிப்புநீர். மாத்திரையைச் சில நாள் மறந்தும் போகிறார். ஆறேழு மாதமாக அவருக்குக் கண் சரியில்லை என்று எனக்குத் தெரிகிறது. எடைச் சீட்டை என்னிடம் நீட்டி வாசிக்கச் சொல்கிறார். கெம்போங் மீன் என்றால் உயிர். இப்போது நான் முள் எடுத்துக் கொடுத்தால்தான் சாப்பிடுகிறார். கண்ணுக்கு முன்னால் கொசு பறக்கிற மாதிரி இருக்கிறது என்று ஒரு நாள் வாய் தவறிச் சொன்னார். டாக்டரிடம் போகலாம் என்றால் கத்துகிறார். லைசென்ஸ் போய்விடுமாம். மகள் கல்யாணம் தை மாதம், அது முடியட்டும் என்கிறார். பக்கத்து வீட்டு அம்மா கொடுத்த சொட்டு மருந்தை விட்டுக்கொள்கிறார். பிள்ளைகளிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். நான் என்ன செய்வது?
– பெயர் வேண்டாம், சுங்கை சிப்புட்

பதில்: சகோதரி, தை வரைக்கும் காத்திருக்காதீர்கள். இந்த வாரமே கிளினிக்குக்குப் போக வேண்டிய விஷயம் இது.

என்ன நோய் என்று நான் இங்கே உட்கார்ந்துகொண்டு சொல்ல முடியாது. 52 வயதில் புரையும் விழலாம், கண் அழுத்தமும் இருக்கலாம். ஆனால் பத்து வருஷத்து இனிப்புநீர், மறந்துபோகிற மாத்திரை, கண்ணுக்கு முன் பறக்கும் கொசு, இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் எந்த டாக்டருக்கும் முதலில் விழித்திரைமேல்தான் சந்தேகம் போகும். கண்ணின் பின்சுவரில் இருக்கும் மெல்லிய சவ்வு அது. இரத்தத்தில் சர்க்கரை பல வருஷம் கூடியே இருந்தால், அங்கே ஓடும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பழுதாகிக் கசியத் தொடங்கும். நாளாக ஆக, அடைபட்ட குழாய்களுக்குப் பதிலாகப் புதுக் குழாய்கள் முளைக்கும். அவை பலவீனமானவை, சட்டென்று உடைந்து கண்ணுக்குள் இரத்தம் கசியும். அந்தத் துளிகளின் நிழல்கூடக் கொசு மாதிரி தெரியலாம். வயதானால் சாதாரணமாக வரும் புள்ளிகளும் உண்டு. எது எதென்று கண்மணியை விரித்து உள்ளே பார்த்தால்தான் தெரியும்.

இதில் மோசம் என்னவென்றால், வலியே இருக்காது. பல் வலித்தால் இராத்திரியோடு இராத்திரியாக ஓடுகிற மனுஷன், கண் கெடுவதை மட்டும் மாதக்கணக்கில் தள்ளிப் போடுவது இதனால்தான். ஒரு கண் கெட்டாலும் இன்னொரு கண் சமாளித்துவிடும். அவருக்கேகூடச் சரியாகத் தெரியாமல் இருக்கலாம். நம்மிடையே இது அபூர்வமும் இல்லை. 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அதிகம். இனிப்புநீர் உள்ளவர்கள், கண் நன்றாகத் தெரிந்தாலும், வருஷத்துக்கு ஒரு தடவையாவது விழித்திரையைக் காட்டச் சொல்வார்கள். இவர் கடைசியாக எப்போது காட்டினார்? உங்கள் கடிதத்தில் அது இல்லை. காட்டியதே இல்லை என்று நினைக்கிறேன்.

கடிதத்தை மறுபடி வாசித்தேன். அவர் கத்துவது கண்ணுக்குப் பயந்து இல்லை, லைசென்சுக்குப் பயந்து. மகள் கல்யாணத்தைத் தலையில் வைத்திருக்கும் ஒரு லாரிக்காரர் சாவியைக் கொடுத்துவிட்டால் தனக்கு என்ன மரியாதை மிஞ்சும் என்று யோசிப்பது இயல்புதான். அந்தப் பயத்தைத் தொடாமல் "டாக்டரிடம் வாங்க, டாக்டரிடம் வாங்க" என்று நீங்கள் எத்தனை தடவை சொன்னாலும், அவர் காதில் "வேலையை விடுங்க" என்றுதான் விழும்.

அதனால் வேலையைப் பற்றி முதலில் பேசுங்கள். அவருக்கு லீவு நாளில், காலைப் பசியாறிய பிறகு, பிள்ளைகள் இல்லாத நேரமாகப் பாருங்கள். வேலை முடிந்து களைத்து வரும் நேரத்தில் வேண்டாம். "உங்களுக்குக் கண் தெரியலை" என்று ஆரம்பித்தால் சண்டைதான் மிஞ்சும். நீங்கள் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்: "எடைச் சீட்டை நான்தானே வாசிக்கிறேன். மீன் முள்ளை நான்தானே எடுக்கிறேன். நான் இல்லாத நேரத்தில் ரோட்டுல என்ன பண்றீங்கன்னு எனக்குப் பயமா இருக்கு. இப்பவே காட்டுனா வேலை நிக்கும், விட்டா வேலையும் போகும் கண்ணும் போகும். நானும் கூட வர்றேன்." இவ்வளவு போதும். இதற்கு மேல் பேசினால் பிரசங்கமாகிவிடும்.

முள் எடுத்துக் கொடுப்பது தப்பு என்று நான் சொல்லவில்லை. நாற்பது வருஷம் ஆனாலும் எடுத்துக் கொடுங்கள். ஆனால் இத்தனை நாள் நீங்கள் அதைச் சத்தமில்லாமல் செய்து, அவர் சமாளிக்கிறார் என்ற பொய்க்குத் துணை போயிருக்கிறீர்கள். அவர் கேட்டால் செய்யுங்கள், செய்யும்போது ஏன் என்றும் வாய் திறந்து கேளுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். டாக்டர் பார்த்துச் சரி என்று சொல்லும் வரைக்கும் அவர் லாரி ஓட்டக் கூடாது. குலை ஏற்றிய லாரி தோட்டத்துச் சடக்கிலிருந்து பெரிய ரோட்டுக்கு ஏறும் இடத்தில், எதிரே மோட்டாரில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் வருவார்கள். பாசம் வேறு, இது வேறு. இரண்டு மூன்று நாள் எம்சி (மருத்துவ விடுப்பு) கேட்கலாம், லீவு எடுக்கலாம், வேறு வேலை கேட்கலாம். நீங்களே மேனேஜரிடம் போய்ச் சொல்ல வேண்டுமா என்று கேட்பீர்கள். முதலில் அவருக்கே வாய்ப்பு கொடுங்கள். அதன் பிறகும் சாவியைத் தூக்கினால், அவர் கோபித்துக்கொண்டாலும் சொல்லத்தான் வேண்டும்.

கிளினிக்குக்குப் போவது எளிது. அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான். பல கிளினிக்குகளில் விழித்திரையைப் படம் எடுக்கும் கருவி இருக்கிறது; இல்லாவிட்டால் கடிதம் கொடுத்து அனுப்புவார்கள். உங்கள் பக்கத்துக்கு ஈப்போவில் ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையின் கண் பிரிவு இருக்கிறது. சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரித்தார்கள் என்றால், அதன்பின் சில மணி நேரம் எல்லாம் மங்கலாகவும் வெளிச்சம் கூசவும் இருக்கும். அன்றைக்கு அவரை ஓட்ட விடாதீர்கள், காடி ஓட்டத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள். கறுப்புக் கண்ணாடியும் எடுத்துக்கொள்ளுங்கள்.

டாக்டர் முன்னால் இந்த மனுஷர்கள் எல்லோரும் ஒரே பாட்டுத்தான்: "ஒண்ணும் இல்ல டாக்டர், கொஞ்சம் மங்கலா இருக்கு." அதனால் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். எப்போது ஆரம்பித்தது, கொசு எந்தக் கண்ணில், என்ன மாத்திரை, எத்தனை நாள் மறந்தார், கடைசி மூன்று மாதச் சர்க்கரை அளவு. அதற்கு முன் வீட்டில் ஒரு காரியம்: ஒரு கண்ணைக் கையால் மூடிக்கொண்டு சன்னல் கம்பியைப் பார்க்கச் சொல்லுங்கள், பிறகு மற்றக் கண்ணை. நேரான கம்பி வளைந்தோ நடுவில் மறைந்தோ தெரிந்தால் அதையும் எழுதுங்கள். எல்லாம் நேராகத் தெரிந்தது என்பதற்காகக் கிளினிக்கை விட்டுவிடாதீர்கள்.

பக்கத்து வீட்டு அம்மாவின் சொட்டு மருந்தை இன்றைக்கே நிறுத்தி, ஆனால் குப்பையில் போடாமல், புட்டியை டாக்டரிடம் காட்டுங்கள். சில சொட்டு மருந்துகளில் ஸ்டீராய்டு இருக்கும், கண் அழுத்தத்தைக் கூட்டிவிடும். கடையில் போய்ப் புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு தப்பிக்கப் பார்ப்பார், அதற்கும் சம்மதிக்காதீர்கள். சர்க்கரை ஏறி இறங்கும்போது பவரும் மாறும். நிலைத்த பிறகு போடுவதுதான் காசுக்குப் பயன்.

"லேசர் பண்ணினால் கண் போகும்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். லேசர் பெரும்பாலும் கெட்டதைத் திருப்பிக் கொடுப்பதில்லை, மேலும் கெடாமல் தடுக்கத்தான். கண் நன்றாக மங்கிய பிறகு போய் லேசர் செய்துகொண்டு, மங்கியதற்கு லேசரைக் குற்றம் சொல்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கசிவு விழித்திரையின் நடுவில் இருந்தால் கண்ணை மரத்துப்போக வைத்து ஊசியும் போடுவார்கள். கேட்கத்தான் பயமாக இருக்கும். இரண்டுக்கும் பொதுவாக அன்றைக்கே வீடு திரும்பிவிடலாம், கல்யாண வேலைக்குத் தடையில்லை.

திடீரென்று கொசு கூட்டமாகத் தெரிந்தாலோ, மின்னல் வெட்டுவது போல் இருந்தாலோ, ஒரு பக்கம் திரை போட்ட மாதிரி இருண்டாலோ, அன்றைக்கே மருத்துவமனை அவசரப் பிரிவு. கண் சிவந்து தலை வலித்து வாந்தி வந்தாலும் அப்படியே.

வேலை உண்மையிலேயே போனால் என்ன என்பதையும் யோசிப்போம். அவருக்குச் சம்பளத்தில் பெர்கேசோ (தொழிலாளர்களுக்கான சமூகப் பாதுகாப்பு நிதி) பிடிக்கிறார்கள் என்றால், 60 வயதுக்குள் எந்த நோயால் நிரந்தரமாக வேலை செய்ய முடியாமல் போனாலும், கட்டிய மாதங்கள் போதுமானால், இயலாமைக்கான ஓய்வூதியம் கேட்க உரிமை உண்டு. 2007 முதல் வேலைக்குத் திரும்ப உதவும் திட்டமும் பெர்கேசோவில் இருக்கிறது. சம்பளச் சீட்டையும் கணக்கு எண்ணையும் எடுத்து வையுங்கள்.

மகளிடம் சொல்லிவிடுங்கள். அவர் வாங்கியது உங்களை ஊமையாக்கும் சத்தியம், அதைக் காப்பாற்ற வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. முதலில் அவரிடமே, "மகளுக்குச் சொல்லப் போகிறேன்" என்று சொல்லிவிட்டுச் சொல்லுங்கள். கல்யாணச் செலவுக்குப் பணம் குறையுமே என்று அவர் தனியாகத் தவிப்பதைவிட, கட்டிக்கொள்ளப் போகிற பிள்ளைக்குத் தெரிந்தால் மண்டபத்தைச் சின்னதாக்கிக்கொள்ளும்.

அப்புறம், உங்களுக்கு எத்தனை வயது என்று எழுதவில்லை. கிளினிக்குக்குப் போகும்போது அவர் ஐசியோடு (அடையாள அட்டை) உங்கள் ஐசியையும் எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரையும் கண்ணும் உங்களுக்கும் பார்த்துவிட்டு வாருங்கள்.