பிரைமா, சூமா? திருமலைப் பிள்ளையளின் லென்ஸ் கேள்விகளுக்குப் பதில்

திருகோணமலையில கலியாண வீடு, சாமத்திய வீடு, அரங்கேற்றம், கோவில் திருவிழா எண்டு கனகாலமாப் படம் எடுத்து வாறன். புதுசா இந்த வேலைக்கு வாற பிள்ளையள் லென்ஸைப் பற்றிக் கேட்டதுகளுக்கு எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லுறன். 18-55 எண்டு ரெண்டு எண் போட்டிருந்தால் அது சூம், வளையத்தைத் திருப்பி ஆளைக் கிட்டவும் எட்டவும் காட்டலாம். 50 எண்டு ஒண்டுதான் எண்டால் பிரைம், மாத்தேலாது. எண் கூடினால் ஆள் கிட்டத் தெரிவார். 1.8, 5.6 எண்டுறது அப்பேச்சர், வெளிச்சம் உள்ள வாற வாசல். எண் குறைஞ்சால் வாசல் பெரிசு.

உப்புவெளியில இருந்து: அண்ணா, கமராவோட வந்த 18-55 மட்டும்தான் இருக்கு. ஆக்களைத்தான் எடுக்க விருப்பம். அடுத்தது 50 எம்எம் 1.8ஐ வாங்கவா, 70-300ஐ வாங்கவா?

50 தான் தம்பி. உங்கட சூம் 55இல நிக்கேக்க அப்பேச்சர் 5.6க்கு மேல திறக்காது. 1.8 அதைவிடப் பத்து மடங்கு அளவு வெளிச்சத்தை உள்ள விடும். பின்னேரம் ஆறு மணிக்கு விறாந்தையில அம்மம்மாவை இருத்தி, பிளாஷ் போடாமல் ரெண்டாலயும் எடுத்துப் பாருங்கோ. சின்னச் சென்சர் உள்ள ஏபிஎஸ்-சி கமராவில 50ஐப் போட்டால், பெரிய சென்சர் உள்ள முழு பிரேம் கமராவில 75, 80 போட்ட மாதிரி வரும். முகம் எடுக்க நல்ல அளவு.

ஒண்டு கவனம். நிக்கோன் 3000, 5000 வரிசைக் கமராக்களுக்குள்ள ஃபோகஸ் மோட்டார் இல்லை. தனக்குள்ளயும் மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி லென்ஸை மலிவு எண்டு வாங்கினால் கையாலதான் ஃபோகஸ் செய்ய வேணும். ஏஎஃப்-எஸ் எண்டு போட்டிருக்கோ எண்டு பாருங்கோ, அதில மோட்டார் லென்ஸுக்குள்ளயே இருக்கு.

உவர்மலையில இருந்து: 85 தான் போர்ட்ரெயிட் லென்ஸ் எண்டு எல்லாரும் சொல்லினம். என்னட்டை இருக்கிறது ஏபிஎஸ்-சி கமரா. வாங்கலாமா?

வெளியில எடுக்கிறதெண்டால் தாராளமா வாங்குங்கோ தங்கச்சி. வீட்டுக்குள்ள இடம் காணாது. ஆளை முழுசா நெடுக்குப் படமா எடுக்க, உங்கட கமராவில 85க்கு ஏழு மீற்றர் பின்னால போக வேணும். 50க்கு நாலரை மீற்றர் போதும். சாமத்திய வீட்டில பிள்ளையைச் சுத்தி மாமிமார், ஆலாத்தித் தட்டு, வீடியோக்காரர். நீங்கள் வெளி முற்றத்திலதான் போய் நிக்க வேண்டி வரும்.

கிண்ணியாவில இருந்து: கலியாணங்களுக்கு 24-70 2.8 ஒண்டு எடுக்கவா, அந்தக் காசுக்கு 35, 85 எண்டு ரெண்டு பிரைம் எடுக்கவா?

ஆள் உங்களுக்காக நிப்பார் எண்டால் பிரைம். ஆளுக்காக நீங்கள் நிக்கிறதெண்டால் சூம். நான் இப்பிடித்தான் முடிவெடுக்கிறன்.

தொடக்க காலத்தில ஒரு கலியாணத்துக்கு 85ஐ மாட்டிக்கொண்டு மணவறைக்கு முன்னால நிண்டன். கெட்டிமேளம் துவங்கின உடன சனம் அட்சதையோட எழும்பி நெருக்கீட்டுது. பின்னால போக வழியில்லை. தாலி கட்டின கையும் பொம்பிளையின்ர பாதி முகமும்தான் வந்தது. மாப்பிள்ளையின்ர முகமே இல்லை. ஆல்பம் குடுக்கேக்க பொம்பிளையின்ர தாய் ஒண்டும் சொல்லேல்லை. எனக்கு இண்டைக்கும் மனம் ஆறேல்லை. சூம் எண்டால் வளையத்தை ஒருக்காத் திருப்பியிருந்தால் முடிஞ்சிருக்கும். நிக்காஹ்விலயும் கையெழுத்து வைக்கிற அந்த நேரம் திரும்ப வராது.

2.8 எண்டால் 1.8இன்ர அரைவாசி வெளிச்சமும் வராது, அது உண்மைதான். வெளிச்சத்துக்குக் கமராவின்ர உணர்திறனை, அதுதான் ஐஎஸ்ஓவை, 3200, 6400க்கு ஏத்துங்கோ, பயப்பிடாதேங்கோ. மணல் விழுந்த மாதிரி வந்த படத்தைத் திருத்தலாம், அசைஞ்ச படத்தைத் திருத்தேலாது. முதல்ல சூம், உழைச்ச காசில பிறகு ஒரு 85 1.8. மணமக்களைத் தனியக் கூட்டிக்கொண்டு போய் எடுக்கேக்க அது வேணும், அந்த முகங்களுக்கு அது குடுக்கிற அழகை என்ர சூம் இண்டுவரை தரேல்லை. கமரா ஏபிஎஸ்-சி எண்டால் 24-70 அகலம் காணாது. 17-50 2.8 பாருங்கோ, டம்ரோனில வந்தது விலையும் குறைவு.

மூதூரில இருந்து: 1.8இல குடும்பப் படம் எடுத்தால் பின் வரிசை மங்கலா வருது. லென்ஸ் பழுதா?

பழுதில்லை. முழு பிரேமில 85ஐ 1.8இல திறந்து ரெண்டு மீற்றரில நிண்டால், துலக்கமா வாற ஆழம் ஆறு சென்ரிமீற்றர் அளவுதான். கண் துலக்கம், காது மங்கல். ரெண்டு வரிசைக்கு 5.6, மூண்டுக்கு 8 வையுங்கோ.

திருக்கடலூரில இருந்து: தேர்த் திருவிழாவுக்கு 70-200 2.8 வேணுமா?

வருசத்தில ரெண்டு, மூண்டு திருவிழாவுக்கெண்டால் வாடகைக்கு எடுங்கோ. பகல் வெயிலில 70-300உம் போதும். 2.8 ஒண்டரைக் கிலோ அளவு வரும், நாள் முழுக்கத் தூக்க வேணும்.

நிலாவெளியில இருந்து: கடற்கரைப் படத்துக்கு ரெண்டு லென்ஸ் கொண்டுபோய் மாத்தி மாத்தி எடுக்கலாமா?

மணலில நிண்டு மாத்தவே மாத்தாதேங்கோ. ஒண்டை மாட்டிக்கொண்டு போங்கோ. எங்கட கடல் கிழக்கில. காலமை கடலைப் பின்னணியா வைச்சால் சூரியனும் ஆளுக்குப் பின்னால வரும், வெயில் கண்ணாடியில படாமல் லென்ஸ் முனையில மாட்டுற ஹூட் கட்டாயம். பின்னேரம் அதே இடத்தில வெளிச்சம் உங்கட முதுகுப் பக்கத்தால வந்து அவையின்ர முகத்தில விழும்.

ஏசி அறையில இருந்து நேர வெளியில கொண்டு வந்தால் கண்ணாடி முழுக்க நீர் பூத்திடும். துடையாதேங்கோ, பையைத் திறக்காமல் ஒரு அரை மணித்தியாலமாவது வெளியில வையுங்கோ. வீட்டுக்கு வந்தால் ஈரத்துணியால வெளிப்பக்கத்து உப்பைத் துடைச்சு, நல்லா உலரவிட்டு, மூடி இறுக்கமான பெட்டியில சிலிக்கா ஜெல்லோட வையுங்கோ. மாரியில துணிப் பைக்குள்ள கிடந்த லென்ஸுக்குப் பூஞ்சணம் பிடிக்கும்.

பாலையூற்றில இருந்து: பாவிச்ச லென்ஸ் ஒண்டு வாங்கப் போறன். என்ன பார்க்கிறது?

ரெண்டு பக்க மூடியையும் கழட்டி, பின்னால டோர்ச் அடிச்சு முன்னால பாருங்கோ. சின்னத் தூசு பரவாயில்லை. நூலாம்படை மாதிரி மெல்லிய கோடு ஓடியிருந்தால் அது பூஞ்சணம், என்ன விலை சொன்னாலும் விட்டிட்டு வாங்கோ.