வீட்டுக் குழுவில் சௌராஷ்டிரத்தை எந்த எழுத்தில் அடிப்பது?

கேள்வி: சேலம் பொன்னம்மாபேட்டையில் இருக்கிறோம். வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அதைத் தமிழ் எழுத்தில் அடிக்கிறேன். அமெரிக்காவில் வளரும் பேத்திக்குத் தமிழ் படிக்க வராது. ஆங்கில எழுத்தில் போட்டால் என் அக்கா திணறுகிறார். சௌராஷ்டிர எழுத்திலேயே போடலாமே என்கிறான் வெண்பட்டு வியாபாரம் செய்யும் தம்பி. எது சரி?

பதில்: தம்பியின் யோசனை நடக்காததல்ல. சௌராஷ்டிர எழுத்து 2008-லேயே யூனிகோடில், அதாவது கணினி, போன் எழுத்துகளுக்கான பொதுத் தரத்தில், சேர்ந்துவிட்டது. அதற்கான கூகுளின் நோட்டோ எழுத்துரு இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் உங்கள் குழுவில் அதைப் படிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர்? எழுத்துரு இல்லாத பழைய போனில் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். கல்யாணப் பத்திரிகைத் தலைப்புக்கும் வாழ்த்துப் படத்துக்கும் வையுங்கள், அழகாக இருக்கும். தம்பியின் கடைப் பக்கத்துக்குத் தமிழே போதும். வாங்குகிறவர் படிக்க வேண்டுமே!

அன்றாடப் பேச்சுக்கு உங்கள் தமிழ் எழுத்து முறையே தொடரட்டும். தமிழில் ஒரே ‘ப’. சௌராஷ்டிரத்துக்கு நான்கு (pa, pha, ba, bha) வேண்டும். அதற்காகத்தான் அச்சில் சிற்றெண் சேர்த்து, சோற்றை ‘பா⁴த்’ என்று எழுதுகிறார்கள். அக்காவுக்கு எண் தேவையில்லை, ‘பாத்’ என்றாலே தெரியும். இளையவர்கள் படிப்பதானால் போடுங்கள். கூகுளின் கீபோர்டான ஜிபோர்டில் ஆங்கிலத்துக்கு மாறி 4-ஐ அழுத்திப் பிடித்தால் ⁴ வரும். தமிழ்க் கீபோர்டு உங்கள் சௌராஷ்டிரச் சொல்லைத் தமிழ்ப் பிழை என்று நினைத்து மாற்றிவிடும். ஆட்டோ கரெக்‌ஷனை அணைத்துவிடுங்கள், அடிக்கடி வரும் சொற்களைப் பர்சனல் டிக்‌ஷனரியில் ஏற்றுங்கள்.

பேத்திக்குக் குரல் பதிவுதான். அவளுக்குப் போக வேண்டியது உங்கள் உச்சரிப்பு, அதை எந்த எழுத்தும் முழுதாகக் கொண்டுபோகாது. கீழே ஆங்கில எழுத்தில் ஒரு வரி போதும்.

ஆனால் முகூர்த்த நேரம், மண்டப முகவரி, துக்கச் செய்தி ஆகியவற்றைக் குரலில் மட்டும் விடாதீர்கள். நாலு நாள் கழித்துத் தேடினால் கிடைக்காது. தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிவிடுங்கள்.

பேத்தி ஆங்கிலத்தில் பதில் போட்டால், “நம்ம பாஷை மறந்துபோச்சா?” என்று எல்லார் முன்னாலும் கேட்காதீர்கள். அடுத்த முறை வெறும் கட்டைவிரல் படம்தான் வரும். நீங்கள் பாட்டுக்குச் சௌராஷ்டிரத்திலேயே பதில் சொல்லுங்கள்.